மலையோடையில் இருட்டியதும் இறங்கும் பூச்சிகள்: டிரிஃப்ட் வலை கட்டி அளக்கும் முறை

மலையோடையில் பகலில் ஒரு மணி நேரம் வலை கட்டினால் கொஞ்சம் இலையும் சில பூச்சிகளும் வரும். பொழுது சாய்ந்து இருட்டிய முதல் மணி நேரத்தில் அதே இடத்தில் அதே வலையைக் கட்டினால் பல மடங்கு பூச்சிகள் வந்து விழும். தண்ணீர் கூடவில்லை, மழையும் இல்லை. கற்களுக்கு அடியில் இருந்த இளம்பூச்சிகளும் புழுக்களும் பிடியை விட்டு நீரோட்டத்தோடு கீழே போகின்றன. இதைத்தான் டிரிஃப்ட் என்கிறார்கள். ஜப்பானில் தனகா 1960-லும், அமெரிக்காவின் மினசோட்டாவில் தாமஸ் வாட்டர்ஸ் 1962-லும் இந்த இரவு எழுச்சியைப் பதிவு செய்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் இதை அளக்க விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. நான்கு வலைகள், நான்கு கம்பிகள், ஓர் அளவுகோல், ஒரு கடிகாரம் இருந்தால் ஆரம்பிக்கலாம்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வையுங்கள். வலைக்குள் எத்தனை பூச்சி வந்தது என்பது விடையில் பாதிதான். அந்த வலை வழியாக எத்தனை கன மீட்டர் தண்ணீர் போனது என்பது மறுபாதி. அது தெரியாமல் எடுத்த எண்ணிக்கையை வேறு எந்த ஓடையோடும், ஏன் அதே ஓடையின் மறுநாள் கணக்கோடும்கூட, ஒப்பிட முடியாது.

யார் இறங்குகிறார்கள், ஏன்

நம் மலையோடை வலைகளில் பெரும்பாலும் முன்னால் நிற்பவை பேட்டிடே குடும்பத்து மேஃப்ளை (சிறகு முளைக்கும் வரை நீரில் வளரும் பூச்சி) இளம்பூச்சிகள். ஒரு சென்டிமீட்டரைத் தாண்டாத ஒல்லியான உடம்பு, வயிற்றின் இரு பக்கமும் வரிசையாகத் தட்டையான செவுள்கள், பின்னால் இரண்டோ மூன்றோ மெல்லிய வால்கள். ஒன்றை வெள்ளைத் தட்டில் விட்டுப் பாருங்கள். ஒரு கல்லை வைத்தால் அதில் ஏறித் தலையை நீரோட்டத்துக்கு எதிராக வைத்து நிற்கும். விரலால் தொட்டால் ஆறு கால்களையும் ஒரே நேரத்தில் விட்டு, உடம்பை மேலும் கீழுமாக அடித்து நீந்தி, கொஞ்ச தூரத்தில் அடுத்த கல்லைப் பிடித்துக்கொள்ளும். ஓடையில் நடப்பதும் இதுதான். பாசி தீர்ந்தால், இடம் நெருக்கமானால், இரை தேடும் ஸ்டோன்ஃப்ளை இளம்பூச்சி பக்கத்தில் வந்தால், பிடியை விட்டுவிடும். பகலில் கல்லுக்கு அடியில் இருந்துவிட்டு இருட்டியதும் மேய்ச்சலுக்காக மேல்பரப்புக்கு ஏறுவதால் நீரோட்டத்தில் சிக்கும் வாய்ப்பும் அப்போதுதான் கூடுகிறது.

கறுப்பு ஈயின் புழு வேறு வழியில் இறங்கும். பின்முனையில் உள்ள கொக்கி வளையத்தால், தானே கல்லில் ஒட்டிய பட்டுத் திட்டைப் பிடித்து நிற்கும் அது, ஆபத்து வந்தால் பட்டு நூல் ஒன்றை விட்டபடி சிலந்தி போல நீரோட்டத்தில் தொங்கி இறங்கும். ஆபத்து விலகினால் அதே நூலைப் பிடித்துத் திரும்பி ஏறவும் செய்யும்.

எல்லாப் பூச்சியும் இப்படி வருவதில்லை. பாறையோடு பாறையாக ஒட்டிக் கிடக்கும் வட்டமான தட்டை வண்டுப் புழுக்கள், அருவிப் பாறையில் வயிற்று உறிஞ்சிகளால் பிடித்து நிற்கும் பிளெஃபாரிசெரிடே புழுக்கள், கனமான கற்கூடு சுமக்கும் காடிஸ்ஃப்ளை புழுக்கள் ஆகியவை டிரிஃப்டில் அரிது. வலையில் இவை திடீரென்று நிறைய வந்தால் மேலே ஏதோ கலக்கம் நடந்திருக்கிறது என்று பொருள்: வெள்ளம், மணல் அள்ளல், யாரோ கற்களைப் புரட்டியது.

ஏன் இரவில் என்ற கேள்விக்கு மீன்தான் முதன்மையான விடை. பகலில் நீரில் மிதந்து வரும் பூச்சியைக் கண்ணால் பார்த்துக் கொத்தும் மீன்கள் இருக்கும் ஓடையில் இரவுப் பயணமே பாதுகாப்பு. வெனிசுவேலாவின் ஆண்டிஸ் மலையில் ஃபிளெக்கர் 1992-ல் வெளியிட்ட ஆய்வில், மீன் இல்லாத ஓடைகளில் இரவு பகல் வேறுபாடே பெரிதாக இல்லை. நம் ஊரில் பெரிய அருவிக்கு மேலே மீன் ஏற முடியாத பகுதியையும் அருவிக்குக் கீழே உள்ள பகுதியையும் ஒப்பிட்டால் இதே கேள்வியை இங்கேயே சோதிக்கலாம். நீலகிரியில் ஆங்கிலேயர் காலத்தில் கொண்டுவந்து விட்ட டிரவுட் மீன்கள் உள்ள ஓடைகள் இன்னும் நல்ல களம். மாணவர்கள் எடுத்துச் செய்ய வேண்டிய வேலை இது.

இடமும் நாளும்

காப்புக்காடு, சரணாலயம், புலிகள் காப்பகம் எதுவானாலும் வனத்துறையின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் வலை கட்டாதீர்கள். விண்ணப்பத்தில் இரவுத் தங்கலையும் பூச்சி சேகரிப்பையும் தனித்தனியாகக் குறிப்பிடுங்கள், இல்லாவிட்டால் பகல் அனுமதி மட்டுமே கிடைக்கும். தேயிலை, ஏலத் தோட்டங்களுக்குள் ஓடும் ஓடை என்றால் தோட்ட நிர்வாகத்தின் அனுமதியும், மருந்து தெளிக்கும் நாட்களின் பட்டியலும் வேண்டும். தெளிப்பு நடந்த மறுநாள் எடுத்த கணக்கை இயல்பான கணக்காகக் கொள்ள முடியாது. பூச்சிமருந்து கலந்தால் பகலிலேயே கூட்டம் கூட்டமாகப் பூச்சிகள் இறங்கும், அதில் பல துடித்துக்கொண்டும் செத்தும் வரும்.

அகலம் 2 முதல் 5 மீட்டர், ஆழம் 15 முதல் 30 செ.மீ., ஓட்டம் நொடிக்கு 0.3 முதல் 0.8 மீட்டர். இப்படி ஓர் இடம் தேடுங்கள். சலசலவென ஓடும் கற்பரப்பு முடிந்து தண்ணீர் மடுவுக்குள் விழுவதற்குச் சற்று முன்னால் கட்டுவது நல்லது. மடுவின் கீழ்முனையில் கட்டினால் அமைதியான நீரில் பல பூச்சிகள் அடியில் தங்கிவிடும், எண்ணிக்கை குறைந்து தெரியும். வலைக்கு மேலே குறைந்தது 30 மீட்டருக்குக் கற்பரப்பு ஒரே சீராக இருக்கட்டும். கால்நடை இறங்கும் துறை, குளிக்கும் இடம், பாதை குறுக்கிடும் இடம் எதுவும் அந்தத் தூரத்துக்குள் வேண்டாம்.

தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் செப்டம்பர் வரை, வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. இரண்டும் ஓய்ந்து தண்ணீர் நிதானப்பட்ட ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் முதல் முறையாகச் செய்பவர்களுக்கு ஏற்றவை. நிலவையும் பாருங்கள். ஆண்டர்சன் என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் ஓரிகனில் செய்து 1966-ல் வெளியிட்ட ஆய்வில், நிலவொளி இரவு டிரிஃப்டை அடக்குவது தெரிந்தது. அமாவாசையை ஒட்டிய நாட்களில் எடுங்கள், அல்லது எல்லா மாதமும் நிலவின் ஒரே நிலையில் எடுங்கள். பௌர்ணமியில் ஒரு மாதமும் அமாவாசையில் ஒரு மாதமும் எடுத்து இரண்டையும் பருவ வேறுபாடு என்று எழுதிவிடும் தவறு அடிக்கடி நடக்கிறது.

பாதுகாப்பு விஷயத்தில் சமரசமே கூடாது. மேலே மலையில் பெய்யும் மழை நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு துளிகூட விழாமல் வெள்ளமாக வரும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் ஒரு சிறுவனை இழுத்துச் சென்றதை மறக்கக்கூடாது. தண்ணீர் நிறம் மாறினாலோ, சருகும் குச்சியும் கூட்டமாக வந்தாலோ, வலையை அப்படியே விட்டுவிட்டுக் கரையேறுங்கள். இரவில் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும், அதில் ஒருவர் அந்தக் காட்டின் யானைத் தடங்களை அறிந்த உள்ளூர்க்காரராக இருக்க வேண்டும்.

வலை செய்தல்

வாய் 30 × 30 செ.மீ. சட்டம், 8 மி.மீ. இரும்புக் கம்பியில் பற்றவைத்துக்கொள்ளலாம். சட்டத்தின் இரு பக்கத்திலும் மேலும் கீழுமாக நான்கு வளையங்கள் வைத்தால், ஓடையில் அடித்த கம்பியில் சட்டத்தை மேலும் கீழும் நகர்த்தலாம்.

துணி 250 மைக்ரான் (கால் மி.மீ.) ஓட்டையுள்ள நைலான் வலைத்துணி. இறால் குஞ்சு பொரிப்பகங்களுக்குப் பொருள் விற்கும் கடைகளில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். 500 மைக்ரானில் சின்னஞ்சிறு இளம்பூச்சிகளும் கைரோனோமிட் (கொசு போன்ற, கடிக்காத ஈ) புழுக்களில் பெரும்பகுதியும் வெளியே போய்விடும். 100 மைக்ரானில் அரை மணி நேரத்திலேயே பாசியும் சேறும் அடைத்துக்கொள்ளும். 250 இடைப்பட்ட அளவு. எதைத் தேர்ந்தாலும் ஆய்வு முழுக்க அதையே வையுங்கள், அறிக்கையிலும் எழுதுங்கள்.

நான்கு துண்டுகள் வெட்டுங்கள்: ஒரு முனை 30 செ.மீ., மறுமுனை 7.5 செ.மீ., நீளம் 120 செ.மீ. தையலுக்குப் பக்கத்துக்கு 1.5 செ.மீ. கூடுதல். நான்கும் சேர்ந்தால் துணிப்பரப்பு 0.9 சதுர மீட்டர். துணியில் ஓட்டைகளின் பங்கு 40 விழுக்காடு என்றால் தண்ணீர் வெளியேறும் பரப்பு 0.36 சதுர மீட்டர். வாயின் பரப்பு 0.09. ஆக வெளியேறும் வழி உள்ளே வரும் வழியைப் போல் நான்கு மடங்கு. இந்த விகிதம் மூன்றுக்குக் கீழே போனால் வலை சீக்கிரம் திணறும், அதனால் துணியை மிச்சம் பிடிக்க நீளத்தைக் குறைக்காதீர்கள். வாயோரம் 10 செ.மீ. கித்தான் பட்டை வைத்துத் தைத்தால் சட்டத்தில் உரசிக் கிழியாது. வால் முனையில் 90 மி.மீ. பிவிசி குழாய்த் துண்டும் திருகு மூடியும் ஹோஸ் கிளாம்ப் போட்டு இறுக்கலாம். அது கிடைக்காவிட்டால் முனையை நைலான் கயிற்றால் இறுகக் கட்டினாலும் போதும், அவிழ்த்து வாளியில் கழுவ அதுவே எளிது. தையல் ஓரங்களின் பிசிறு வலைக்குள் நீளாதபடி மடித்துத் தைக்க மறக்காதீர்கள். பிசிறில் சிக்கும் பூச்சிகள் அடுத்த மணி நேரக் கணக்கில் சேர்ந்துவிடும்.

வலை கட்டும் ஒவ்வொரு இடத்துக்கும், அதாவது நிலைக்கும், இரண்டு வலை வேண்டும். ஒன்றை எடுத்த கையோடு மற்றொன்றை மாட்டலாம்.

கட்டுதல்

12 மி.மீ. கம்பி, ஒவ்வொன்றும் ஒரு மீட்டர், கூழாங்கல் தரையில் 30 செ.மீ. இறங்கும் வரை சம்மட்டியால் அடியுங்கள். வெறும் பாறைத் தரை என்றால் கம்பி இறங்காது. மணல் மூட்டைகளை இரு பக்கமும் வைத்துச் சட்டத்தைக் கட்ட வேண்டியதுதான். இந்த வேலையை அளவு தொடங்குவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள். கம்பி அடிக்கும்போது கலங்கிய தரையிலிருந்து பூச்சிகள் கிளம்பும்.

சட்டத்தின் கீழ்விளிம்பு தரையிலிருந்து 3 முதல் 5 செ.மீ. உயரத்தில் நிற்க வேண்டும். தரையைத் தொட்டால் நடந்தே வலைக்குள் வரும் பூச்சிகளையும் மிதந்து வந்தவையாக எண்ணிவிடுவீர்கள். மேல்விளிம்பு நீர்மட்டத்துக்கு மேலே நிற்கட்டும். மேல்பரப்பில் மிதந்து வரும் கூட்டுப்புழுக்கள், சிறகு விரித்துக் கரையேறத் தயாரானவை, மரத்திலிருந்து விழும் எறும்பு, சிலந்தி எல்லாம் அப்போதுதான் கிடைக்கும்.

ஓடை முழுக்க ஒரே அளவில் பூச்சி வருவதில்லை. நடு ஓட்டத்தில் ஒன்று, கரையோரம் ஒன்று என்று குறைந்தது இரண்டு நிலைகள் வேண்டும். ஒரு வலையை மற்றொன்றுக்கு நேர் கீழே கட்டாதீர்கள். மேலே உள்ளது வடித்த தண்ணீரைத்தான் கீழே உள்ளது பெறும்.

சருகைத் தடுக்க வலைக்கு முன்னால் கம்பித் தடுப்பு வைக்கலாமா என்று பலரும் கேட்கிறார்கள். வேண்டாம். தடுப்பில் சேரும் சருகில் பூச்சிகள் பிடித்துக்கொள்ளும், தண்ணீர் பக்கவாட்டில் விலகும். சருகு அதிகமென்றால் வலை வைக்கும் நேரத்தைக் குறையுங்கள்.

தண்ணீரின் அளவு

சட்டத்துக்குள் நீர் நிற்கும் உயரத்தை அளவுகோலால் மூன்று இடங்களில் எடுத்துச் சராசரி காணுங்கள். அகலத்தோடு பெருக்கினால் மூழ்கிய வாய்ப்பரப்பு. பிறகு வேகம். சுழல் மீட்டர் இருந்தால் வாய்க்குள் இடம், நடு, வலம் என மூன்று புள்ளிகளில், நீர்மட்டத்திலிருந்து பத்தில் ஆறு பங்கு ஆழத்தில் வைத்து எடுங்கள். வாய்க்கு முன்னால் ஒரு மீட்டர் தள்ளி எடுப்பது தவறு. வலையே தண்ணீரைக் கொஞ்சம் தள்ளிவிடும், வாய்க்குள் வேகம் குறைவாகவே இருக்கும்.

மீட்டர் இல்லாதவர்கள் தட்டையான அக்ரிலிக் அளவுகோல் ஒன்றைப் பயன்படுத்தலாம். முதலில் விளிம்பு நீரோட்டத்தைப் பார்க்கப் பிடித்து நீர்மட்டத்தைக் குறியுங்கள். பிறகு அகலப் பக்கம் நீரோட்டத்தை எதிர்க்கும்படி திருப்பினால் தண்ணீர் அதில் ஏறி நிற்கும். எத்தனை மீட்டர் ஏறியது என்பதை 19.6-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் நொடிக்கு இத்தனை மீட்டர் என்று வேகம் கிடைக்கும். 1.3 செ.மீ. ஏறினால் ஏறக்குறைய 0.5 மீட்டர். 0.3 மீட்டருக்குக் கீழே ஏற்றம் அரை சென்டிமீட்டரைக்கூடத் தொடாது, கண்ணால் சரியாகப் படிக்க முடியாது. மெதுவான நீரில் இந்த முறை உதவாது.

இந்த அளவை வலை வைத்த உடனேயும் எடுப்பதற்கு முன்னும், ஒவ்வொரு முறையும் இரண்டு தடவை எடுங்கள். இந்த வேலையில் அதிகம் கைவிடப்படுவது இரண்டாவது அளவுதான், கெட்ட கணக்குகளில் பெரும்பாலானவை அதனால் வருகின்றன. வலை அடைக்க அடைக்க வேகம் விழும். வாய்க்கு முன்னால் தண்ணீர் குவிந்து இரு பக்கமும் வழிந்தால், அல்லது கடைசி வேகம் முதல் வேகத்தில் பாதிக்குக் கீழே போயிருந்தால், அந்த மாதிரியைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அடுத்த முறை ஒரு மணி நேரத்தை அரை மணியாக்குங்கள். முதல் மழைக்குப் பிறகு சருகெல்லாம் ஓடைக்கு வரும் நாட்களில் 15 நிமிடம்கூட அதிகமாக இருக்கலாம்.

ஓடை முழுவதும் ஓடும் நீரின் அளவும் ஒரு தடவை வேண்டும். அகலத்தைப் பத்துப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஆழமும் வேகமும் எடுத்துப் பெருக்கிக் கூட்டுங்கள். இதை வலைகளுக்குக் கீழே நின்று செய்யுங்கள், மேலே இறங்கக் கூடாது.

எந்த நேரத்தில் எத்தனை

24 மணி நேரமும் முடியும் என்றால் பகலில் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒரு மணி நேரம் போதும். சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு தொடங்கி, மறைந்த பின் மூன்று மணி நேரம் வரை இடைவெளி இல்லாமல் மணிக்கு ஒரு வலை. நள்ளிரவைச் சுற்றி இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று. விடியலுக்கு முந்திய இரண்டு மணி நேரம் மறுபடி தொடர்ச்சியாக. பெரும்பாலான ஓடைகளில் இருட்டியதும் பெரிய எழுச்சியும், விடியலுக்கு முன் சிறிய எழுச்சியும் வரும். சில இனங்களில் இது தலைகீழாக இருக்கும். ஒரே ஒரு மாலைதான் கிடைக்கும் என்றால் மறைவுக்கு முன் ஒரு வலை, பின் மூன்று வலை. நேரம் குறைவாக உள்ளவர்களுக்கு இந்த நான்கையே முதலில் செய்யச் சொல்வோம்.

பஞ்சாங்கத்து அஸ்தமன நேரத்தை நம்பாதீர்கள். ஆழமான பள்ளத்தாக்கிலும் அடர்ந்த சோலைக்குள்ளும் வெகு முன்னாலேயே இருட்டிவிடும். பூச்சிகள் பார்ப்பது வெளிச்சத்தை. நீர்மட்டத்தில் ஒளி ஒன்று முதல் ஐந்து லக்ஸ் அளவுக்கு இறங்கும்போது எழுச்சி தொடங்கும். ஒளிமானி ஒன்றைக் கையில் வைத்து நேரத்தைக் குறியுங்கள்.

அதே காரணத்தால் உங்கள் டார்ச்தான் மிகப்பெரிய எதிரி. வெள்ளை வெளிச்சம் ஓடையில் பட்டால் அந்த இடத்தில் டிரிஃப்ட் குறையும். சிவப்புத் தாள் ஒட்டிய தலைவிளக்கு மட்டும், அதுவும் வலை மாற்றும்போது மட்டும், கீழ்நோக்கிப் பிடித்து எரியுங்கள். கூடாரமும் அடுப்பும் ஓடை தெரியாத தூரத்தில் இருக்கட்டும்.

வலை மாற்ற எப்போதும் கீழ்ப்பக்கத்திலிருந்து நடந்து வாருங்கள். மேலே யாராவது ஒருவர் கைகழுவ இறங்கினால்கூட அடுத்த மாதிரி கெட்டுவிடும். தரையிலிருந்து பூச்சி எடுக்கும் சர்பர் வலை வேலையையும் டிரிஃப்ட் முழுவதும் முடிந்த பிறகே செய்யுங்கள். ஆனால் செய்யாமல் விடாதீர்கள். 30 × 30 செ.மீ. தரையில் ஐந்தாறு இடத்தில் எடுத்த எண்ணிக்கை இல்லாவிட்டால், டிரிஃப்ட் கூடியதற்குக் காரணம் பூச்சிகள் அதிகம் கிளம்பியதா, ஓடையில் பூச்சிகளே அதிகமா என்று சொல்ல வழியில்லை.

கழுவுதல், பாதுகாத்தல், பிரித்தல்

வலையை வாளித் தண்ணீரில் வெளிப்பக்கத்திலிருந்து கழுவி எல்லாவற்றையும் வாலுக்குக் கொண்டு வாருங்கள். பெரிய இலைகளை ஒவ்வொன்றாக அலசி எறியுங்கள். மீதியை 250 மைக்ரான் சல்லடையில் வடித்து, அகன்ற வாய்ப் புட்டியில் போட்டு, 80 விழுக்காடு எத்தனால் ஊற்றுங்கள். புட்டியில் பாதிக்கு மேல் குப்பை இருக்கக்கூடாது. ஈரக் குப்பை ஆல்கஹாலை நீர்க்கச் செய்துவிடும், அதனால் மறுநாளே வடித்துப் புதிதாக ஊற்ற வேண்டும். இதைச் செய்யாததால் மேஃப்ளைகளின் செவுளும் காலும் உதிர்ந்து அடையாளம் காண முடியாமல் போன மாதிரிகள் ஏராளம். டிஎன்ஏ எடுக்கும் எண்ணம் இருந்தால் 95 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது. ஃபார்மலின் மலிவானாலும் தவிர்ப்பது நல்லது, புற்றுநோய் ஆபத்து உள்ள ரசாயனம் அது.

லேபிளைப் பென்சிலால் எழுதிப் புட்டிக்கு உள்ளே போடுங்கள். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும், வெளியே ஒட்டியது ஈரத்தில் உரிந்துவிடும். ஓடை, நிலை எண், தேதி, வைத்த நேரம், எடுத்த நேரம் ஐந்தும் இருக்க வேண்டும்.

பிரிக்கும்போது குப்பை அதிகமிருந்தால் சர்க்கரைக் கரைசல் உதவும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 300 கிராம் சர்க்கரை. ஆல்கஹாலை வடித்துவிட்டு இதில் போட்டால் பூச்சிகள் மேலே வரும், மணல் கீழே நிற்கும். கற்கூடு கட்டிய காடிஸ்ஃப்ளை மட்டும் மேலே வராது, அடியையும் ஒரு தடவை பாருங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் நுண்ணோக்கி இருந்தால் குடும்ப அளவில் பிரிக்கலாம். நம் மலைகளின் மேஃப்ளைகளில் இன அளவுக்குப் போக விரும்புகிறவர்களுக்கு மதுரைக் கல்லூரியில் கே.ஜி. சிவராமகிருஷ்ணன் வழிவந்த ஆய்வுகள் நல்ல அடிப்படை.

இங்கே கவனமாக இருக்க வேண்டியது உரித்த சட்டைகளில். இளம்பூச்சி வளரும்போது உரித்துவிடும் தோலும் கைரோனோமிட் கூட்டுப்புழுக்களின் வெற்றுத் தோலும் நூற்றுக்கணக்கில் மிதந்து வரும். மேலோட்டமாகப் பார்த்தால் முழுப் பூச்சி மாதிரியே இருக்கும். ஊசியால் தொட்டுப் பாருங்கள். முதுகில் பிளவும் உள்ளே வெறுமையும் இருந்தால் அது தோல், தனியாக எண்ணுங்கள். உடைந்த பூச்சிகளில் தலை உள்ளவற்றை மட்டும் ஒன்று என்று கொள்ளுங்கள். எறும்பு, சிலந்தி போன்ற தரைவாழ் உயிரிகளும் வேறு பத்தியில் போகட்டும்.

கணக்கு

ஓர் எடுத்துக்காட்டு. வாய் அகலம் 30 செ.மீ., நீர் உயரம் 20 செ.மீ., ஆகப் பரப்பு 0.06 சதுர மீட்டர். தொடக்க வேகம் 0.5, முடிவில் 0.3, சராசரி நொடிக்கு 0.4 மீட்டர். பெருக்கினால் நொடிக்கு 0.024 கன மீட்டர், மணிக்கு 86.4 கன மீட்டர். அந்த மணி நேரத்தில் 130 பூச்சிகள் வந்திருந்தால், 130-ஐ 86.4-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்க, 100 கன மீட்டருக்கு 150. இதுவே டிரிஃப்ட் அடர்த்தி. ஓடை முழுவதும் நொடிக்கு 0.12 கன மீட்டர் ஓடுகிறது என்றால் மணிக்கு 432 கன மீட்டர், வலை வடித்ததைப் போல் ஐந்து மடங்கு. அந்த வெட்டுமுகத்தைத் தாண்டி மணிக்கு 650 பூச்சிகள் போகின்றன.

தொடக்க வேகத்தை மட்டும் வைத்திருந்தால் வடித்த நீர் 108 கன மீட்டர் என்று வந்திருக்கும், அடர்த்தி 120 ஆகியிருக்கும். இரண்டாவது அளவை எடுக்காததால் மட்டும் ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போகிறது.

ஒரு பூச்சி எவ்வளவு தூரம் போகிறது

இதைப் பகலில், இயல்பான டிரிஃப்ட் குறைவாக இருக்கும்போது செய்யலாம். மேலே ஓடையின் முழு அகலத்துக்கும் தடுப்பு வலை கட்டி வெளிப்பூச்சிகளை நிறுத்துங்கள். கீழே பிடிக்கும் வலையும் முழு அகலத்துக்கு வேண்டும், அதனால் ஒரு மீட்டர் அகலமுள்ள சிறு கிளையோடை வசதி. அதே ஓடையில் பிடித்த ஒரே வகைப் பூச்சி நூறு எடுத்து, பிடிக்கும் வலைக்கு 2, 5, 10, 20 மீட்டர் மேலே இருந்து தனித்தனி முறைகளில் விடுங்கள். நீரின் நடு ஆழத்தில், குழாய் வழியாக, மெதுவாக.

தூரம் கூடக் கூட வந்து சேர்பவை ஒரே விகிதத்தில் குறையும் என்பதை மெக்லே 1970-ல் கணக்காகக் காட்டினார். 5 மீட்டரிலிருந்து விட்ட நூறில் 60 வந்தால், 100/60-இன் இயல் மடக்கை 0.51, அதை 5-ஆல் வகுக்க மீட்டருக்கு 0.102. அதன் தலைகீழ் 9.8, அதாவது சராசரிப் பயணம் 10 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. கணக்கு பொருந்துகிறது என்றால் 10 மீட்டரிலிருந்து விட்டவற்றில் 36 வர வேண்டும். வெந்நீரில் கொன்ற பூச்சிகளையும் அதேபோல் விட்டுப் பாருங்கள். உயிருள்ளவை குறைந்த தூரமும் செத்தவை அதிக தூரமும் போனால், அந்த இனம் தானே முயன்று தரைக்குத் திரும்புகிறது என்று தெரியும். பேட்டிடே போன்ற நீந்தும் இனங்களில் இந்த வித்தியாசம் தெளிவாக வரும்.

திரும்பி மேலே போவது

எல்லாம் கீழே போய்க்கொண்டே இருந்தால் மேல் ஓடை காலியாகிவிடாதா? சுவீடனில் ஆய்வு செய்த கார்ல் முல்லர் 1954-ல் இதற்கு ஒரு விடை சொன்னார்: சிறகு முளைத்த தாய்ப்பூச்சிகள் மேல்நோக்கிப் பறந்து முட்டையிடுகின்றன. அலாஸ்காவின் குபாருக் ஆற்றில் நைட்ரஜன்-15 (நைட்ரஜனின் சற்றுக் கனமான வடிவம்) கொண்டு அடையாளமிட்டுச் செய்த ஆய்வு 1993-ல் வெளியானது. அங்கே பேட்டிடே குடும்பத்துப் பேட்டிஸ் மேஃப்ளைகளில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை, பிறந்த இடத்திலிருந்து 1.6 முதல் 1.9 கி.மீ. மேலே பறந்திருந்தன. ஆனால் மேலே தங்கிய பூச்சிகளின் முட்டைகளே அந்த இடத்தை நிரப்பிவிடும் ஓடைகளும் உண்டு. உங்கள் ஓடையில் எது என்று பார்க்க ஒட்டுத்தாள் போதும்.

ஓடையின் குறுக்கே கயிறு கட்டி, ஒளி ஊடுருவும் ஓஎச்பி தாள்களை நீரிலிருந்து 20, 60, 120 செ.மீ. உயரங்களில் தொங்கவிடுங்கள். இரு முகத்திலும் ஆமணக்கு எண்ணெய் மெல்லியதாகத் தடவுங்கள், மழை வாய்ப்பு இருந்தால் கிரீஸ். மஞ்சள் அட்டை வேண்டாம், அது நிறத்தால் பூச்சிகளை இழுத்துக் கணக்கைக் கெடுக்கும். தாள் சுழலாதபடி கீழ் மூலைகளையும் கட்டுங்கள். ஓடை போகும் திசையைப் பார்க்கும் கீழ்நோக்கிய முகத்தில் ஒட்டியவை மேலே பறந்து வந்தவை, மேல்நோக்கிய முகத்தில் ஒட்டியவை கீழே பறந்து போனவை. மாலை நான்கு மணிக்குக் கட்டி, இருட்டி இரண்டு மணி நேரம் கழித்து எடுத்து, காலையில் இன்னொரு தொகுதி வையுங்கள்.

ஆண், பெண் இரண்டையும் பிரித்து எண்ணுவது முக்கியம். மேஃப்ளை ஆண்களுக்குப் பெரிய கண்களும் வயிற்று நுனியில் கவ்வும் உறுப்பும் இருக்கும், பெண்களின் வயிற்றில் முட்டைகள் தெரியும். ஆண்கள் கூட்டமாக ஒரே இடத்தில் மேலும் கீழும் ஆடிக்கொண்டிருப்பதால் இரு முகத்திலும் சமமாக ஒட்டும். முட்டை சுமந்த பெண்கள் கீழ்நோக்கிய முகத்தில் தெளிவாகக் கூடுதலாக இருந்தால்தான் மேல்நோக்கிய பயணம் என்று சொல்லலாம். காற்றின் திசையையும் ஒவ்வொரு மணிக்கும் எழுதி வையுங்கள். பள்ளத்தாக்கில் பகலில் காற்று மலையேறும், இரவில் இறங்கும். மாலை ஐந்து மணிக் காற்று தள்ளிவந்த பூச்சிக்கும் தானே பறந்து வந்த பூச்சிக்கும் தாளில் வித்தியாசம் தெரியாது. அதனால் காற்று அசையாத மாலைகளின் தாள்களைத் தனியாகக் கூட்டிப் பாருங்கள்.